நட்சத்திரம் பிறப்பதை நிறுத்திய குட்டி கேலக்ஸிகள்.. சில மட்டும் மீண்டும் 'ஆன்' ஆனது எப்படி?

சிம்ம ராசி மண்டலம் இருக்கும் திசையில், நம்மிடமிருந்து சுமார் 53 லட்சம் ஒளியாண்டு தொலைவில் ஒரு குட்டி கேலக்ஸி இருக்கிறது. பெயர் லியோ பி. பிரபஞ்சம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே அங்கே நட்சத்திரங்கள் பிறக்கத் தொடங்கின. பிறகு நின்றுபோனது. சில நூறு கோடி ஆண்டுகள் சத்தமே இல்லை. அதன் பிறகு மறுபடியும் நட்சத்திரங்கள் பிறக்க ஆரம்பித்து, இன்று வரை பிறந்துகொண்டிருக்கின்றன.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் எடுத்த படங்களை வைத்து 2024-ல் வெளியான ஆய்வு சொல்லும் கதை இது. இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். ஏறக்குறைய இதே காலத்தில் நட்சத்திர உற்பத்தியை நிறுத்திய வேறு பல குட்டி கேலக்ஸிகளும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றில் நின்றது நின்றதுதான், திரும்ப தொடங்கவே இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? யார் நிறுத்தியது? இந்த கேள்விக்கான பதிலில், டார்க் மேட்டர் பற்றி விஞ்ஞானிகள் போட்டு வைத்திருக்கும் கணக்கு சரியா தவறா என்பதும் சேர்ந்தே இருக்கிறது. விரிவாக பார்க்கலாம்.

குள்ள கேலக்ஸி என்றால் என்ன?

நாம் இருக்கும் பால்வெளி கேலக்ஸியில் 10,000 கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்கள் இருக்கின்றன. நம் சூரியன் அதில் ஒன்று. இப்படி பெரிய கேலக்ஸிகளைச் சுற்றியும், அவற்றுக்கு இடைப்பட்ட வெளியிலும் மிகச் சிறிய கேலக்ஸிகள் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத்தான் குள்ள கேலக்ஸிகள் என்கிறார்கள்.

குள்ள கேலக்ஸி என்றாலும் எல்லாம் ஒரே அளவு கிடையாது. சிலவற்றில் சில நூறு கோடி நட்சத்திரங்கள் இருக்கும். சிலவற்றின் மொத்த வெளிச்சத்தையும் கூட்டினால் சில நூறு சூரியன்கள் அளவுக்குத்தான் வரும். பால்வெளியைச் சுற்றி மட்டும் இதுவரை 60-க்கும் அதிகமான குள்ள கேலக்ஸிகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

தூரத்தைப் பற்றி ஒரு விஷயம். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு. சுமார் 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். எனவே கீழே 'பக்கத்தில்' என்று வரும் இடமெல்லாம் வானியல் கணக்கில் பக்கம் என்று எடுத்துக்கொள்ளவும்.

நட்சத்திரம் பிறக்க என்ன தேவை?

முக்கியமாக ஒரே ஒரு பொருள்: குளிர்ந்த வாயு. அதிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன்.

வாயு மேகம் குளிர்ச்சியாக இருந்தால்தான் தன் ஈர்ப்பு விசையால் தானே சுருங்க முடியும். சுருங்கிச் சுருங்கி நடுப்பகுதி அடர்த்தியாகி, வெப்பம் ஏறி, ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவு தொடங்கும். அதுதான் நட்சத்திரத்தின் பிறப்பு. வாயு சூடாக இருந்தால் சுருங்காது, விரிந்துகொண்டே போகும்.

ஆக ஒரு கேலக்ஸியில் நட்சத்திர உற்பத்தி நின்றுபோனால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, வாயு இல்லை. இல்லையென்றால், வாயு இருக்கிறது, ஆனால் சூடாக இருக்கிறது. மீதி கதை முழுக்க இந்த இரண்டைச் சுற்றித்தான்.

பழைய கதை எப்படி தெரிகிறது?

ஒரு ஊரில் இருக்கும் அத்தனை பேரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தாத்தா பாட்டிகள் மட்டுமே இருந்தால், அந்த ஊரில் குழந்தை பிறந்து பல காலம் ஆகிவிட்டது என்று புரியும். கைக்குழந்தைகள் நிறைய இருந்தால், இப்போதும் பிறப்பு நடக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களும் 20 வயதுக்கு உட்பட்டவர்களும் மட்டும் இருந்து, நடுவயதில் ஒருவருமே இல்லை என்றால்? நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

கேலக்ஸியிலும் இதையேதான் செய்கிறார்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு விஷயங்களை அளக்கிறார்கள். எவ்வளவு பிரகாசம், என்ன நிறம். இந்த இரண்டையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக குறிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரியும். அந்த வடிவத்தில்தான் வயது ஒளிந்திருக்கிறது.

எப்படி என்றால், நட்சத்திரங்களில் எடை அதிகமானவைதான் சீக்கிரம் சாகும். அவை நீல நிறத்தில் மிகப் பிரகாசமாக எரிந்து, எரிபொருளை வேகமாக தீர்த்துவிடும். சூரியனைப் போல 20 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் சுமார் 1 கோடி ஆண்டு வாழும். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. சூரியனைவிட சிறிய, சிவந்த நட்சத்திரங்கள் 1,380 கோடி ஆண்டு வயதான இந்த பிரபஞ்சத்தைவிட அதிக காலம் எரியக்கூடியவை.

அதனால் ஒரு கேலக்ஸியில் நீல நட்சத்திரங்கள் தெரிந்தால், அங்கே சமீபத்தில் பிறப்பு நடந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிரகாசமான நட்சத்திரங்கள் எல்லாம் கிழடு தட்டி ராட்சத சிவப்பு நட்சத்திரமாக மாறியிருந்தால், மாறத் தொடங்கும் அந்த இடத்தை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம். வரைபடத்தில் இது ஒரு வளைவாகத் தெரியும்.

அடுத்த வேலை கணினிக்கு. 'இந்த காலத்தில் இவ்வளவு நட்சத்திரம் பிறந்திருந்தால் வரைபடம் இப்படி இருக்கும்' என்று பல போலி கேலக்ஸிகளை கணினியில் உருவாக்குகிறார்கள். எது உண்மையான வரைபடத்தோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் அந்த கேலக்ஸியின் பிறப்புப் பதிவேடு.

இன்னொரு சாட்சியும் உண்டு: இரும்பு. நட்சத்திரங்கள் வெடிக்கும்போது இரும்பு போன்ற தனிமங்கள் வாயுவில் கலக்கின்றன. அடுத்த தலைமுறை நட்சத்திரம் அந்த வாயுவில் இருந்து பிறக்கும். எனவே பொதுவாக பழைய நட்சத்திரத்தில் இரும்பு குறைவு, புதியதில் அதிகம். நிறமாலையை ஆராய்ந்தால் இது தெரியும்.

இந்த முறையில் ஒரு குறையும் இருக்கிறது. 30 கோடி வயது நட்சத்திரத்தையும் 100 கோடி வயது நட்சத்திரத்தையும் எளிதாகப் பிரித்துவிடலாம். ஆனால் 1,100 கோடி, 1,200 கோடி என்று போகும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். வயதானவர்களை பார்த்து 75-ஆ 78-ஆ என்று சொல்ல முடியாதது போலத்தான்.

போர்க்கால இருட்டில் கிடைத்த தடயம்

நட்சத்திரங்களில் தலைமுறை வித்தியாசம் இருக்கிறது என்பது தெரியவந்ததற்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயம். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வால்டர் பாடே என்ற வானியலாளர் வேலை பார்த்தார். ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் அவரை ராணுவ ஆராய்ச்சிகளில் சேர்க்கவில்லை. மற்றவர்கள் போர்ப் பணிக்குப் போய்விட, பெரிய தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது.

இன்னொரு பக்கம், தாக்குதல் அச்சத்தால் பக்கத்தில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் விளக்குகளை அணைத்து வைத்தார்கள். வானம் வழக்கத்தைவிட இருண்டது. அந்த இருட்டில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் மையத்தையும் அதன் துணை கேலக்ஸிகளையும் தனித்தனி நட்சத்திரங்களாக பிரித்துப் படம் எடுத்தார் பாடே. நட்சத்திரங்கள் இரண்டு விதமான கூட்டங்களாக இருப்பதை 1944-ல் அறிவித்தார். இளையவை ஒரு கூட்டம், முதியவை இன்னொரு கூட்டம் என்பது பின்னர் தெளிவானது. இன்றைய ஆய்வுகளுக்கெல்லாம் அதுதான் தொடக்கப்புள்ளி.

ஏன் பக்கத்தில் உள்ளவை மட்டும்?

தூரத்து கேலக்ஸி ஒரு மங்கலான பொட்டு போலத்தான் தெரியும். அதில் தனித்தனி நட்சத்திரத்தைப் பிரிக்க முடியாது. பக்கத்தில் இருந்தால்தான் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எண்ண முடியும்.

மிகப் பழைய நட்சத்திரங்களின் வயதைச் சொல்லும் அந்த வளைவு ரொம்பவே மங்கலானது. ஹப்பிள் தொலைநோக்கியால் சுமார் 30 லட்சம் ஒளியாண்டு வரைதான் அதை ஓரளவு நன்றாகப் பார்க்க முடிந்தது. அந்த எல்லையைத் தள்ளி வைத்ததுதான் ஜேம்ஸ் வெப் செய்த பெரிய வேலை.

'ஜேம்ஸ் வெப்தான் 1,300 கோடி ஆண்டு பழைய ஒளியையே பார்க்கிறதே, அப்புறம் எதற்கு பக்கத்து கேலக்ஸி?' என்ற கேள்வி வரலாம். அவ்வளவு தூரத்தில் அது பார்ப்பதெல்லாம் பிரகாசமான கேலக்ஸிகளை. லியோ பி மாதிரி சின்ன கேலக்ஸி அங்கே இருந்தால் கண்ணிலேயே படாது. சின்னவற்றின் இளமைக் காலத்தை தெரிந்துகொள்ள, பக்கத்தில் மிஞ்சியிருக்கும் முதியவர்களைத்தான் விசாரிக்க வேண்டும். தொல்லியலில் மண்ணைத் தோண்டுவது போல, இங்கே நட்சத்திரங்களைத் தோண்டுகிறார்கள்.

ஆறு கேலக்ஸி.. ஒரே நேரத்தில் நின்ற கடிகாரம்

2005-க்குப் பிறகு, ஸ்லோன் வான் ஆய்வு என்ற திட்டத்தின் மூலம் பால்வெளியைச் சுற்றி மிக மிக மங்கலான குள்ள கேலக்ஸிகள் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. இவற்றில் ஆறு கேலக்ஸிகளை டாம் பிரவுன் தலைமையிலான குழு ஹப்பிள் மூலம் ஆராய்ந்தது. ஹெர்குலிஸ், லியோ 4, அர்சா மேஜர் 1, பூட்டீஸ் 1, கோமா பெரினிசிஸ், கேன்ஸ் வெனாட்டிசி 2 ஆகியவைதான் அந்த ஆறு.

முதல் மூன்றின் முடிவுகள் 2012-லும், ஆறின் முடிவுகள் 2014-லும் வெளியாகின. ஆறிலும் இருப்பது கிட்டத்தட்ட தாத்தா பாட்டிகள் மட்டுமே. சுமார் 80 சதவீத நட்சத்திரங்கள் பிரபஞ்சம் பிறந்த முதல் 100 கோடி ஆண்டுக்குள்ளேயே பிறந்துவிட்டன. அடுத்த 100 கோடி ஆண்டுகளை ஒட்டி மிச்சமும் முடிந்துபோனது. அதன் பிறகு 1,100 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக எதுவுமே இல்லை.

இந்த ஆறும் வெவ்வேறு திசையில், வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு பாதையில் சுற்றுபவை. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத ஆறு வீட்டில் ஒரே நேரத்தில் விளக்கு அணைந்தால், ஒவ்வொரு வீட்டிலும் பல்பு பியூஸ் போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மின்சாரம் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள்.

அணைத்தது யார்? சந்தேகப் பட்டியலில் மூன்று பேர்

முதல் சந்தேகம்: பிரபஞ்சமே. முதல் தலைமுறை நட்சத்திரங்களும் கேலக்ஸிகளும் பிரபஞ்சத்தின் முதல் சுமார் 100 கோடி ஆண்டில் ஏராளமான புற ஊதாக் கதிர்களை வெளியிட்டன. கேலக்ஸிகளுக்கு இடையே பரவியிருந்த ஹைட்ரஜன் வாயுவின் எலக்ட்ரான்களை இந்த கதிர்கள் பிய்த்து எறிந்தன. வாயு சுமார் 10,000 டிகிரி அளவுக்கு சூடானது. இதை மறு அயனியாக்கம் என்கிறார்கள்.

அடுப்பில் சின்ன பாத்திரத்தில் பால் பொங்கினால் வெளியே வழிந்துவிடும். அண்டாவில் அதே பால் பொங்கினாலும் உள்ளேயே நிற்கும். கேலக்ஸிகளுக்கும் அதே கதைதான். பெரிய கேலக்ஸியின் ஈர்ப்பு விசை சூடான வாயுவையும் பிடித்து வைத்துக்கொண்டது. சின்ன கேலக்ஸிகளால் அது முடியவில்லை. வெளியில் இருந்து புது வாயுவையும் இழுக்க முடியவில்லை. ஆறு கேலக்ஸிகளிலும் ஒரே காலத்தில் பிறப்பு நின்றதற்கு இந்த காரணம் நன்றாகப் பொருந்துகிறது.

இரண்டாவது சந்தேகம்: சொந்த நட்சத்திரங்களே. சூரியனைவிட 8 மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரங்கள் கடைசியில் சூப்பர்நோவாவாக வெடிக்கும். பெரிய கேலக்ஸிக்கு அது ஒரு பட்டாசு. சின்ன கேலக்ஸிக்கு அது வீட்டின் கூரையையே தூக்கும் வெடி. அடுத்த தலைமுறைக்கு வைத்திருந்த வாயு வெளியே வீசப்பட்டுவிடும்.

மூன்றாவது சந்தேகம்: பக்கத்து வீட்டுப் பெரியவர். பால்வெளியைச் சுற்றி மிகச் சூடான, அடர்த்தி குறைந்த வாயு பெரிய கூடு போல பரவியிருக்கிறது. ஒரு குள்ள கேலக்ஸி அதற்குள் வேகமாக நுழைந்தால், பைக்கில் போகும்போது தலையில் இருக்கும் தொப்பி பறப்பது போல, அதன் வாயு உரிந்து போகும்.

இதற்கு நேரடி ஆதாரமே உண்டு. பால்வெளியில் இருந்து சுமார் 9 லட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கும் குள்ள கேலக்ஸிகளில் பெரும்பாலானவற்றில் ஹைட்ரஜன் வாயு இல்லவே இல்லை. பெரிய, சிறிய மகெல்லன் மேகங்கள்தான் முக்கிய விதிவிலக்கு. அவை குள்ள கேலக்ஸிகளிலேயே பெரியவை. அந்த எல்லையைத் தாண்டி வெளியே போனால் வாயு நிறைந்த குள்ள கேலக்ஸிகள் சாதாரணமாகவே காணப்படுகின்றன.

இங்கேதான் சிக்கல். பிரவுன் குழு ஆராய்ந்த ஆறும் பால்வெளியின் பக்கத்தில் இருப்பவை. அப்போ குற்றவாளி பிரபஞ்சமா, பால்வெளியா?

விட்டு விட்டு எரிந்த கரினா

பதிலுக்குப் போகும் முன், எல்லா குள்ள கேலக்ஸியும் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு இரண்டு உதாரணங்களை பார்த்துவிடலாம்.

1977-ல் கண்டுபிடிக்கப்பட்ட கரினா, பால்வெளியைச் சுற்றும் குள்ள கேலக்ஸி. தூரம் சுமார் 3.4 லட்சம் ஒளியாண்டு. இப்படிப்பட்ட கேலக்ஸிகளில் கிழட்டு நட்சத்திரங்கள் மட்டுமே இருக்கும் என்றுதான் நீண்ட காலம் நம்பப்பட்டது. 1980-களில் கரினாவைக் கவனித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1990-களில் தெளிவான படங்கள் வந்ததும், அதன் வரைபடத்தில் ஒரே வளைவுக்குப் பதில் தனித்தனியாக வளைவுகள் தெரிந்தன.

அதாவது முதலில் 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு கூட்டம். பிறகு நீண்ட இடைவெளி. அதன் பிறகு சூரியன் பிறந்த காலத்தை ஒட்டி இன்னொரு பெரிய கூட்டம். நடுவயது ஆள் இல்லாத அந்த ஊர் போட்டோ, கிட்டத்தட்ட அப்படியே கரினாவில் கிடைத்தது. ஒருமுறை நின்றால் நிரந்தரமாக நின்றதாக அர்த்தம் இல்லை என்று முதலில் சொன்னது இந்த கேலக்ஸிதான்.

தாமதமாக விழித்த லியோ ஏ

லியோ ஏ வேறு ரகம். சுமார் 26 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், பெரிய கேலக்ஸிகளின் தொந்தரவு இல்லாமல் தனியாக இருக்கிறது. 2007-ல் வெளியான ஹப்பிள் ஆய்வின்படி, அதன் நட்சத்திரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கடந்த 800 கோடி ஆண்டுகளில்தான் பிறந்தன. பிரபஞ்சத்தின் முதல் 500 கோடி ஆண்டுகளில் அங்கே பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை. பழைய நட்சத்திரங்கள் இருக்கின்றன, ஆனால் மிகக் குறைவு. வாயு கையில் இருந்தும் அதை இவ்வளவு காலம் ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

சாட்சி சொல்ல வந்த லியோ பி

இப்போது மறுபடியும் முதல் கதைக்கு வருவோம். லியோ பி-யை முதலில் கண்டுபிடித்தது கண்ணாடி தொலைநோக்கி இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ ரேடியோ தொலைநோக்கி. ஹைட்ரஜன் வாயுவின் சிக்னல் வந்த இடத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் அங்கே ஒரு கேலக்ஸி இருப்பது தெரிந்தது. 2013-ல் அறிவிக்கப்பட்டது. இன்றும் அதில் நட்சத்திரங்களின் எடையைவிட வாயுவின் எடை அதிகம்.

சூரியனில் இருப்பதில் சுமார் 3 சதவீதம் அளவுக்குத்தான் அதில் கன தனிமங்கள் உள்ளன. அந்த அளவுக்கு 'கலப்படம்' இல்லாத கேலக்ஸி. பெயரில் உள்ள 'பி' குறிப்பதும் அந்த தூய்மையைத்தான்.

முக்கியமான விஷயம், லியோ பி இருக்கும் இடம். பால்வெளி, ஆண்ட்ரோமெடா இரண்டின் பிடிக்கும் வெளியே அது தனியாக இருக்கிறது. 'பக்கத்து வீட்டுப் பெரியவர்' மேல் பழி போடவே முடியாது. கிறிஸ்டன் மெக்குவின் தலைமையிலான குழு ஜேம்ஸ் வெப் மூலம் அதன் பிறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தது. ஆரம்பத்தில் பிறப்பு, மறு அயனியாக்கக் காலத்தை ஒட்டி நிறுத்தம், நீண்ட இடைவெளி, பிறகு மீண்டும் தொடக்கம்.

பெரிய கேலக்ஸி யாருமே பக்கத்தில் இல்லாத இடத்திலும், அதே காலகட்டத்தில் பிறப்பு நின்றிருக்கிறது. அப்போ நிறுத்தியதில் பிரபஞ்சத்தின் பங்கு இருக்கிறது என்ற வாதம் வலுவாகிறது.

இதே குழு திமிங்கல மண்டலத் திசையில், சுமார் 30 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள டபிள்யூஎல்எம் என்ற குள்ள கேலக்ஸியையும் ஆராய்ந்தது. வுல்ஃப், லுண்ட்மார்க், மெலோட் என மூன்று வானியலாளர்களின் பெயரின் முதல் எழுத்துகள்தான் அதன் பெயர். அதுவும் தனிமையில் இருப்பது. அங்கேயும் கதை அதேதான். ஆரம்பத்தில் நட்சத்திரங்கள், நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு மீண்டும் ஆரம்பம்.

மீண்டும் ஆன் ஆனது எப்படி?

மறு அயனியாக்கத்தில் சூடான வாயு, லியோ பி போன்ற கேலக்ஸியை விட்டு முழுதாக ஓடிவிடவில்லை என்கிறார்கள். விளிம்பில் பரவி நின்றது. காலப்போக்கில் பிரபஞ்சம் விரிய விரிய, புற ஊதாக் கதிர்களின் வீரியம் குறைந்தது. இன்னொரு பக்கம் கேலக்ஸியும் டார்க் மேட்டரைச் சேர்த்து சேர்த்து எடை கூடியது. ஒரு கட்டத்தில் வாயு குளிர்ந்து மறுபடியும் உள்ளே விழத் தொடங்கியது.

கேலக்ஸிகளுக்கு இடையே ஓடும் வாயு ஓடைகளைக் கடக்கும்போது, உள்ளே இருந்த வாயு அழுத்தப்பட்டு பிறப்பு தூண்டப்பட்டிருக்கலாம் என்ற விளக்கத்தையும் கணினி மாதிரிகள் தருகின்றன.

பிரவுன் குழு பார்த்த ஆறு கேலக்ஸிகளுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவை லியோ பி-யைவிடவும் சிறியவை. தெளிந்து எழுவதற்குள் பால்வெளியின் பிடியில் விழுந்து, மிச்ச வாயுவும் பறிபோயிருக்கும். இப்படிப் பார்த்தால் குற்றவாளி ஒருவர் இல்லை. தற்காலிகமாக நிறுத்தியது ஒருவர், நிரந்தரமாக நிறுத்தியது இன்னொருவர்.

இந்தியாவின் பங்கு என்ன?

டபிள்யூஎல்எம் கேலக்ஸியை இந்தியாவும் பார்த்திருக்கிறது. 2015 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் யூவிஐடி என்ற புற ஊதா தொலைநோக்கி உள்ளது. பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவானது. புற ஊதாவில் பார்த்தால் கிழட்டு நட்சத்திரங்கள் மறைந்து, இளம் சூடான நட்சத்திரங்கள் மட்டும் பளிச்சென தெரியும்.

அப்படி டபிள்யூஎல்எம்-இல் இப்போது எங்கெங்கே பிறப்பு நடக்கிறது என்பதை இந்திய ஆய்வாளர்கள் 2018-ல் வெளியான ஆய்வில் வரைபடமாக்கினார்கள். பழைய தலைமுறையை ஜேம்ஸ் வெப் எண்ணுகிறது. கைக்குழந்தைகளை யூவிஐடி எண்ணுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பதிவேடு முழுமையாகும்.

இதில் டார்க் மேட்டர் எங்கே வந்தது?

1999-ல் ஒரு பெரிய தலைவலி கிளம்பியது. டார்க் மேட்டர் கொள்கையின்படி கணினியில் பிரபஞ்சத்தை உருவாக்கிப் பார்த்தபோது, பால்வெளியைச் சுற்றி நூற்றுக்கணக்கான குட்டிக் கட்டிகள் இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. ஆனால் அப்போது வானில் தெரிந்த துணை கேலக்ஸிகளோ பத்து, பதினொன்றுதான். மீதி எங்கே? இதற்கு 'காணாமல் போன துணைக்கோள் சிக்கல்' என்று பெயரே வந்துவிட்டது.

டார்க் மேட்டர் கொள்கையே தவறு என்று சிலர் வாதிட்டார்கள். குள்ள கேலக்ஸிகளின் பிறப்புப் பதிவேடு இதற்கு வேறு பதில் சொல்கிறது. கட்டிகள் இருக்கின்றன, ஆனால் பலவற்றில் விளக்கு எரியவே இல்லை அல்லது சீக்கிரமே அணைந்துவிட்டது. பிரவுன் குழு பார்த்த ஆறும், கொஞ்சமே எரிந்து அணைந்த அந்த வகைதான். மங்கலானவற்றை இப்போது தேடிப்பிடிக்க முடிவதால் எண்ணிக்கையும் 60-ஐ தாண்டிவிட்டது. 1999-ல் இருந்த பதற்றம் இன்று பெருமளவு குறைந்திருக்கிறது.

குட்டி கேலக்ஸியால் சூரியன் பிறந்ததா?

பெரியவை சின்னவற்றின் வாயுவை உரிப்பது மட்டும்தான் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். எதிர்த்திசையிலும் நடக்கிறது. 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசு குள்ள கேலக்ஸி, பால்வெளியின் வழியாகவே புகுந்து புகுந்து போய்க்கொண்டிருக்கிறது. போகும்போதே சிதைந்தும் வருகிறது.

ஐரோப்பாவின் கையா விண்கலத் தரவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், நம் பகுதியில் நட்சத்திரப் பிறப்பு மூன்று முறை திடீரென அதிகரித்தது தெரியவந்தது. சுமார் 570 கோடி, 190 கோடி, 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. தனுசு கேலக்ஸி நம்மை நெருங்கிக் கடந்ததாகக் கணிக்கப்படும் காலங்களோடு இவை ஒத்துப்போகின்றன. அந்த உலுக்கலில் பால்வெளியின் வாயு கலங்கி நட்சத்திரங்கள் பிறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. முதல் உலுக்கலின் தொடர்ச்சியாகவே சூரியனும் பிறந்திருக்குமா? சாத்தியம் என்ற அளவில்தான் இது பேசப்படுகிறது, நிரூபிக்கப்படவில்லை.

நாமும் பார்க்க முடியுமா?

லியோ பி-யை வெறும் கண்ணால் பார்க்க வாய்ப்பே இல்லை. ஆனால் குள்ள கேலக்ஸிகளில் ஒன்றை தமிழ்நாட்டின் தென்கோடியில் இருந்து பார்க்கலாம். சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பெரிய மகெல்லன் மேகம் அது. ஜனவரி மாதத்தில் நிலா இல்லாத இரவு, 9 மணி முதல் 10 மணி வாக்கில், கன்னியாகுமரி பக்கம் விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று தெற்கே கடலைப் பாருங்கள். கையை நீட்டி முஷ்டி மடக்கி தொடுவானத்தில் வைத்தால், அதற்குக் கொஞ்சம் மேலே மங்கலான ஒரு திட்டு தெரியும். வானம் தெளிவாக இருந்தால் மட்டும்தான் இது சாத்தியம்.

அந்த திட்டுக்கும் ஒரு இடைவெளிக் கதை உண்டு. அதில் உள்ள நட்சத்திரக் கொத்துகளில் மிகப் பழையவை இருக்கின்றன, சுமார் 300 கோடி ஆண்டுக்கு உட்பட்டவையும் நிறைய இருக்கின்றன. நடுவில் பல நூறு கோடி ஆண்டுகளைச் சேர்ந்த கொத்துகள் ஏறக்குறைய இல்லவே இல்லை.

அடுத்து என்ன?

சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. 3,200 மெகாபிக்சல் கேமராவுடன் தெற்கு வானத்தை 10 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படம் எடுக்கப் போகிறது. இதுவரை கண்ணில் படாத மங்கலான குள்ள கேலக்ஸிகள் பல அதில் சிக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

அப்படிச் சிக்குபவற்றில் விஞ்ஞானிகள் குறிப்பாகத் தேடப்போவது ஒன்றைத்தான். பிரவுன் குழு பார்த்த ஆறைப் போல மிகச் சிறியதாக இருக்க வேண்டும், ஆனால் லியோ பி-யைப் போல யாரும் பக்கத்தில் இல்லாமல் தனியாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றிலும் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறப்பு முழுதாக நின்றுபோயிருந்தால், நிரந்தரமாக அணைத்ததும் பிரபஞ்சம்தான், பால்வெளி இல்லை என்று ஆகிவிடும். அங்கே இளம் நட்சத்திரங்கள் தெரிந்தால், பழி மறுபடியும் பால்வெளி பக்கம் திரும்பும்.